துளை போடும் முன் தளத்தைப் பாருங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் கையோடு விளக்கையும் மாற்றிவிடலாமா என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள். பெரும்பாலும் டவுன்லைட் பற்றித்தான். சீலிங்குக்குள் உடம்பை மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டும் வட்ட விளக்கு. புதிதாகக் கட்டுகிற வீட்டில் அது எளிது. குடியிருக்கிற வீட்டில் எல்லாமே தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 34 வருடமாகப் பாளையங்கோட்டையைச் சுற்றி வயரிங் வேலை செய்கிறேன். இன்றைக்கும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அண்ணாந்து பார்ப்பேன், அப்புறம்தான் சுவிட்ச் போர்டுக்குப் போவேன். கூரை என்ன கூரை என்று எழுதாதவர்களிடம் திருப்பிக் கேட்டு வாங்கித்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் வீடு 1988-இல் அப்பா கட்டிய காங்கிரீட் வீடு. பட்டாசல், அதாவது ஹால், 12-க்கு 14 அடி, உயரம் 10 அடி. நடுவில் ஃபேன், சுவரில் இரண்டு டியூப் லைட். வேலைக்கு வந்தவர் 12 டவுன்லைட் போடச் சொல்கிறார். பால்ஸ் சீலிங் செலவு வேண்டாம் என்றால் தளத்தையே மெஷின் வைத்துக் குடைந்து விளக்கைப் பதித்துத் தருகிறாராம். அம்மாவுக்கு 74 வயது, கண்புரை ஆபரேஷன் ஆனவர். செய்யலாமா?
— வாசகி, மகாராஜநகர், பாளையங்கோட்டை

குடைய விடாதீர்கள் தங்கச்சி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுத் தளத்தின் கனம் பொதுவாக 4.5 முதல் 5 அங்குலம். கம்பி கட்டியிருப்பது அடிப்பக்கம். பூச்சை உரித்தால் முக்கால் அங்குலத்திலேயே கம்பி தட்டுப்படும். தளம் நடுவில் தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த அடிக்கம்பிதான். கம்பிக்குக் கம்பி 5, 6 அங்குலம் இடைவெளி இருக்கிற இடத்தில் 4 அங்குல வட்டமாக 12 துளை போட்டால் எத்தனை கம்பி அறுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறுபடாமல் தப்பினாலும் கம்பிக்குக் காற்றும் ஈரமும் போக வழி திறந்தாயிற்று. அப்பா கட்டிய தளத்தை ஒரு விளக்குக்காக ஊனமாக்க வேண்டாம்.

இனி செய்யக்கூடியது. தளத்துக்குக் கீழே 5 அல்லது 6 அங்குலம் இறக்கி ஜிப்சம் போர்டு போட்டால்தான் விளக்கு உள்ளே உட்கார இடம் கிடைக்கும். அதை அறை முழுக்கப் போட வேண்டியதில்லை. சுவரை ஒட்டி நாலு பக்கமும் 3 அடி அகலத்துக்கு மட்டும் போடுங்கள். நடுவில் 6-க்கு 8 அடி பழைய தளம் அப்படியே தெரியட்டும். ஃபேன் பழைய கொக்கியிலேயே தொங்கும். (முழு சீலிங் போடுகிற வீட்டிலும் ஃபேனைச் சேனலில், அதாவது போர்டைத் தாங்கும் தகரச் சட்டத்தில், மாட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தளத்துக் கொக்கியிலிருந்து நீளமான ராடு போட்டு இறக்க வேண்டும்.) இன்னொரு லாபமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை ஒரு சொட்டு ஒழுகாத தட்டட்டிகள்கூட (மொட்டை மாடிகள்) அந்த இரண்டு நாளில் ஒழுகின. அடுத்த வருடம் ஒரு வீட்டில் விளக்கு மாற்றுவதற்காக முழு சீலிங்கின் ஒரு போர்டைக் கழற்றினேன். உள்ளே தளத்துப் பூச்சு கம்பியோடு பெயர்ந்து சேனல்மேல் கிடந்தது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நடுத்தளம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் ஈரம் படர்வதை முதல் வாரமே பார்த்துவிடுவீர்கள். போர்டு போடும் முன் தட்டட்டியில் தண்ணீர் தேங்குகிற இடம், தட்டோட்டு இடுக்கு எல்லாவற்றையும் கொத்தனாரை வைத்துச் சரிபண்ணிவிடுங்கள்.

எத்தனை விளக்கு? 12 வேண்டாம், 6 போதும். உங்கள் பட்டாசல் சுமார் 15.6 சதுர மீட்டர். சாதாரணப் புழக்கத்துக்கு 150 லக்ஸ் வெளிச்சம், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென் ஒளி, என்று வைத்தால் 2,340 லூமென் தரையில் வந்து சேர வேண்டும். விளக்கிலிருந்து கிளம்புவதில் நூற்றுக்கு அறுபதுதான் வந்து சேரும், மீதியைச் சுவரும் சாமான்களும் விழுங்கிவிடும் என்று கொண்டால் 3,900 லூமென் தேவை. வாட்டுக்கு 90 லூமென் தருகிற 7 வாட் விளக்கு ஒன்று 630 லூமென். ஆறு போட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். மொத்தம் 42 வாட். தினமும் 5 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் 13 யூனிட்டுக்குள்தான். சோக் வைத்த இரண்டு பழைய டியூப் லைட் 30 யூனிட் வரை இழுத்திருக்கும். கடையில் வாட்டை மட்டும் கேட்காமல் பெட்டியில் போட்டிருக்கும் லூமெனைப் படியுங்கள். ஒரே 7 வாட்டில் 450 லூமெனும் இருக்கிறது, 700-ம் இருக்கிறது.

எங்கே போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கட்டம் கட்டி வரிசையாகப் போட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் நம் வீடுகளில் ஃபேன் ஓடுகிறதே! இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் ஒவ்வொரு இறக்கையும் ஒளியை வெட்டி வெட்டி விடும். அறை முழுக்க நிழல் துடிக்கும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி நீளும். அதற்கு அப்பால் இன்னும் 2 அடி தள்ளி, நடுவிலிருந்து குறைந்தது 4 அடியில் விளக்கு இருக்கட்டும். உங்கள் 12 அடி அகலத்தில் அது சுவரிலிருந்து சரியாக 2 அடி. நீளவாட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, 5 அடிக்கு ஒன்று. சுவர்மேல் ஒளி வழிவதால் அறை பெரிதாகவும் தெரியும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது அந்த வரியைத்தான். 60 வயதுக் கண்ணுக்குள் 20 வயதுக் கண்ணில் நுழைவதில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் நுழைகிறது. அதனால் வயதானவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அதே சமயம் ஒளிப்புள்ளி நேராகக் கண்ணில் பட்டால் அவர்களுக்குத்தான் அதிகமாகக் கூசும். என் அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார்கள். நல்ல வெளிச்சம் இருக்கட்டும் என்று கட்டிலுக்கு நேர்மேலே நானே ஒரு டவுன்லைட் போட்டேன். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கொசுவுக்காக என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கட்டில் கால்மாட்டில் நானும் சாய்ந்து மேலே பார்த்த பிறகுதான் புரிந்தது. மறுநாள் காலையிலேயே அதைக் கழற்றிச் சுவரோரம் மாற்றினேன். அன்றிலிருந்து, யார் வீட்டு வேலையானாலும், குறி போடும் முன் வீட்டார் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தும் படுக்கும் இடத்தில் படுத்தும் மேலே பார்க்காமல் துளை போடுவதில்லை.

ஆகவே, அம்மா உட்காரும் நாற்காலி எது என்று பாருங்கள். அதன் நேர்மேலே விளக்கு வேண்டாம், தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒளிமுனை உள்வாங்கி இருக்கும் மாடல் அல்லது பால் வெள்ளை மூடி போட்டதை வாங்குங்கள். ஆறையும் ஒரே சுவிட்சில் கட்டாமல், மூன்று மூன்றாக இரண்டு சுவிட்ச். ஒரு டியூப் லைட்டைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள், எல்.இ.டி.யாக மாற்றினால் போதும். மாத்திரை அட்டையில் உள்ள எழுத்தைப் படிக்க அது வேண்டும்.

சீலிங் செலவே வேண்டாம் என்றால் தளத்தின் அடியில் திருகி மாட்டும் சர்ஃபேஸ் விளக்கு இருக்கிறது. தளம் போடும்போதே புதைத்த ஜங்ஷன் பாக்ஸ் ஏதாவது இருந்தால் அதற்குள்ளேயே உட்காரும் 3 அங்குல விளக்கும் கிடைக்கிறது. இரண்டும் தளத்தைத் தொந்தரவு செய்யாதவை.

ஒன்றே ஒன்று பாக்கி. 1988 வயரிங் என்றால் உள்ளே அலுமினிய வயர் இருக்கவும் வாய்ப்புண்டு. 42 வாட் லோடு அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் அலுமினியத்தோடு புதுத் தாமிர வயரை முறுக்கி டேப் சுற்றினால் அந்த மூட்டு நாளடைவில் தளர்ந்து சூடாகும், அதுவும் சீலிங்குக்குள் யார் கண்ணிலும் படாமல். போர்டிலிருந்தே 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் விளக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

தாத்தா காலத்து வீடு. தார்சாவிலும் பட்டாசலிலும் தேக்கு உத்திரம், கட்டை, அதன்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம். ரெண்டாங்கட்டில் பலகை மச்சு. வெளியூரிலிருந்து வரும் மகன் மச்சுப் பலகையில் வட்டமாக வெட்டி டவுன்லைட் போட வேண்டும் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை.
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது ஐயா.

கட்டைகளுக்கு மேலே செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி அடுக்கியிருப்பார்கள். ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவை நிற்கின்றன. நடுவில் ஒரு கல்லை எடுத்தால் பக்கத்துக் கல் எப்போது தளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து குத்திய தளம், அதற்கும் மேலே தட்டோடு. அத்தனை பாரத்துக்கு அடியில் துளைக் கருவியை வைக்கவே கூடாது. பலகை மச்சு வேறு மாதிரி. அங்கே பலகைக்கு மேல் பல வீடுகளில் மண்ணோ சுண்ணாம்போ பரப்பி மேல்மாடித் தரை போட்டிருப்பார்கள். துளை போட்டால் அந்த மண் கொட்டத் தொடங்கி நிற்காமல் கொட்டும். மேலே ஒன்றும் இல்லாத வெறும் மச்சு என்றாலோ எலியும் அணிலும் உலவும் இடம். நூறு வருடம் காய்ந்த மரம், கடிபட்ட வயர், சூடாகும் டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்னப் பெட்டி), மூன்றையும் ஒரே பொந்தில் அடைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மகன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வீடுகளில் இருட்டு அதிகம். கறுத்த தேக்கு வெளிச்சத்தைக் குடித்துவிடும். 15 வாட் பல்பு எரிந்தாலும் மூலைகள் தெரியாது. அதனால் வெளிச்சத்தை மரத்தின்மேல் அடிக்காமல் சுவரின்மேல் அடிக்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்தான் உங்கள் வீட்டின் பெரிய விளக்கு. உத்திரத்தின் பக்கவாட்டில், கீழே நின்று பார்த்தால் தெரியாத பக்கமாக, மரத்தின் நிறத்தில் பெயின்ட் அடித்த கேசிங் (வயரை மூடும் பட்டை) ஓட்டி வயரைக் கொண்டுவாருங்கள். உத்திரத்தின் பக்கத்தில் சின்ன உருளை விளக்குகளை மாட்டிச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். அடியில் ஆணி அடிக்க வேண்டாம். இரண்டு உத்திரத்துக்கு ஒன்று போதும். 3,000 கெல்வின் என்று போட்ட மஞ்சள் ஒளி தேக்குக்கு அழகாக இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் இப்படி ஒரு வீட்டில் செய்துவிட்டு முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது, அந்த வீட்டுப் பெரியவர் சுவரில் இருந்த பழைய சுதை வேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருடம் அதை இருட்டில்தான் பார்த்திருக்கிறார்.

ஏணி போடும் அன்றைக்கே ஓர் ஆசாரியையும் கூட்டிவந்து, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் முதலில் வருவது அங்கேதான். மரச்சட்டத்தின்மேல் வயர் ஓடும் பழைய ரீப்பர் வயரிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் புது விளக்கை அதில் கோத்துவிடாதீர்கள், அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

சுவிட்சை அணைத்த பிறகும் பால்ஸ் சீலிங் விளக்குகள் நிலா மாதிரி மங்கலாக எரிகின்றன. கரண்ட் வீணாகிறதா?
— வாசகர், மேலப்பாளையம்

வீணாகும் கரண்ட் மிகக் குறைவு. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் வயரில் இல்லாமல் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் விளக்கு வரை உயிருள்ள மின்சாரம் வந்து நிற்கிறது. அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஏணியில் ஏறிக் கைவைப்பவருக்கு அடி விழும். அதனால் இந்த விளக்கை நீங்களாகக் கழற்ற வேண்டாம். வயர்மேனைக் கூப்பிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கின் முனையில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் போர்டில் மாற்ற வேண்டும், அரை மணி நேர வேலை.

எரியவில்லை என்றால் இரண்டு சின்னக் காரணங்கள் உண்டு. சுவிட்சுக்குள் சிவப்பாக மினுங்கும் இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளி மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும், சாதாரண சுவிட்ச் மாற்றினால் நின்றுவிடும். இல்லை என்றால், நீளமாக ஒன்றாக ஓடும் வயர்களில் பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் மின்சாரம். அதனால் ஆபத்தில்லை.

அடுக்களையில் நடுவில் 4 டவுன்லைட் போட்டோம். வெளிச்சம் இருக்கிறது, ஆனால் காய் நறுக்கும் இடத்தில் என் நிழலே விழுகிறது.
— வாசகி, விக்கிரமசிங்கபுரம்

விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது அம்மா, வேறொன்றும் இல்லை. மேடையின் அகலம் 2 அடி. நீங்கள் நிற்கும் இடம் அதற்கு வெளியே. விளக்கு மேடை விளிம்புக்கு நேர்மேலே, சுவரிலிருந்து ஒன்றேமுக்கால் அல்லது 2 அடியில் வந்தால் ஒளி கைக்கு முன்னால் விழும். ஏற்கெனவே போட்ட துளைகளை அடைத்துப் புதிதாகப் போடுவதைவிட, மேல் அலமாரியின் அடிப்பலகையில் முன்விளிம்பு ஓரமாக ஒரு எல்.இ.டி. பட்டியை ஒட்டிவிடுங்கள். அரிவாள்மனையும் விரலும் தெளிவாகத் தெரியும். அடுப்புக்கு நேர்மேலே மட்டும் ஒட்டாதீர்கள். எண்ணெய்ப் புகையும் சூடும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். நடுவில் இருக்கும் நாலும் அப்படியே இருக்கட்டும், டப்பா தேடுவதற்கு உதவும்.

மாடி அறையில் 8 விளக்கு போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. 5 போய்விட்டது. கடைக்காரர் மாற்றித் தந்ததும் போய்விட்டது. கடல் காற்று காரணமா?
— வாசகர், திசையன்விளை

கடல் காற்றும் ஒரு காரணம். ஆனால் முதல் குற்றவாளி உங்கள் தட்டட்டி என்று நினைக்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த தளத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள காற்று அடுப்பங்கரை போலக் கொதிக்கும். எல்.இ.டி. சூடாகாது என்று சொல்வார்கள். ஒளியில் சூடு இல்லை, உண்மை. ஆனால் முதுகில் சூடு உண்டு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் அலுமினிய முதுகு வைத்திருக்கிறார்கள். அது ஏற்கெனவே கொதிக்கிற காற்றில் எதை வெளியேற்றும்? முதலில் சாவது டிரைவர்தான், அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி. நீங்கள் அனுப்பிய படத்தில் சீலிங்குக்கு மேலே தெர்மகோல் பரப்பியிருப்பது தெரிகிறது. அது விளக்குகளைப் போர்வை போல மூடியிருக்கிறது. விளக்கைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு அதை வெட்டி எடுங்கள், இன்றைக்கே. தெர்மகோல் எளிதில் தீப்பிடிக்கும் பொருள்.

அடுத்து, போனது விளக்கா டிரைவரா என்று பாருங்கள். எரிகிற விளக்கின் டிரைவரைப் போன விளக்குக்குக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டிரைவர்தான் என்றால் முழு விளக்கை வாங்க வேண்டியதில்லை. ஆனால் டிரைவரில் வாட் ஒத்துப்போனால் போதாது. அதன்மேல் மில்லி ஆம்பியர் என்று ஓர் எண் இருக்கும், அது பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். 300-க்கு 600 மாட்டினால் ஒரு வாரம் பிரமாதமாக எரிந்துவிட்டு எல்.இ.டி.யும் கருகும். உள்ளே வாங்கும் வோல்டேஜ் 100 முதல் 300 வரை என்று போட்டதை எடுங்கள், உங்கள் பக்கத்துக்கு அது தேவை. பெட்டியில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விளக்குகள் ஒரே நாளில் கூட்டமாகப் போயிருந்தால், அதுவும் அந்த நேரத்தில் சில விளக்கு பளீரென்றும் சில மங்கியும் எரிந்திருந்தால், நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அதில் டி.வி., பிரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

உப்புக்காற்றுக்கு இரும்புத் திருகை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. சேனலில் வெட்டிய முனைகளுக்குத் துரு தடுக்கும் பெயின்ட்.

மஞ்சளா, வெள்ளையா? வீட்டில் சண்டையே நடக்கிறது.
— வாசகி, சங்கரன்கோவில்

படுக்கை அறைக்கு 3,000 கெல்வின், மஞ்சள். அடுக்களைக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் 4,000, இரண்டுக்கும் நடுவில். 6,500 என்று போட்ட நீல வெள்ளையை நான் வீட்டுக்குள் யாருக்கும் சொல்வதில்லை, சாம்பார் நிறம்கூட அதில் செத்துப்போகும். கெல்வினோடு, நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். 80-க்குக் கீழே வேண்டாம். பட்டுச்சேலையைக் கடைக்கு வெளியே தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் பார்க்கிறோமே, அந்த வேறுபாட்டைத்தான் அந்த எண் சொல்கிறது. பீரோவுக்கும் கண்ணாடிக்கும் முன்னால் 90 கிடைத்தால் வாங்குங்கள். ஒரே சீலிங்கில் இரண்டு நிறம் கலக்காதீர்கள். எத்தனை தேவையோ அதற்கு மேல் இரண்டு விளக்கு சேர்த்து வாங்கி பீரோவில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறமும் அதே வட்டமும் கிடைக்காது.

அண்ணாச்சி, நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிறேன். லீவு நாளில் ஒரு மாமாவோடு வேலைக்குப் போகிறேன். இருக்கிற சீலிங்கில் டவுன்லைட் போடும்போது வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? சேனலில் துளை விழுந்து ஒரு தடவை திட்டு வாங்கிவிட்டேன்.
— மாணவர், பேட்டை

தம்பி, இந்தக் கேள்விக்காகவே மற்ற பதில்களைச் சுருக்கினேன்.

முதலில் விளக்கைக் கையில் வாங்கு, அப்புறம் துளையைப் பற்றி யோசி. பெட்டியில் கட் அவுட் என்று ஓர் அளவு போட்டிருக்கும், அதுதான் துளையின் அளவு. விளக்கின் வெளிவட்டம் வேறு, கட் அவுட் வேறு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்பிரிங் கிளிப்பை மடக்கி, விளக்கின் ஆழம் எவ்வளவு, சீலிங்குக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்.

மெயினில் அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கு. இறக்கியதைச் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது, ஃபியூஸ் கட்டையாக இருந்தால் பிடுங்கிப் பையில் வைத்துக்கொள். எம்.சி.பி. என்றால் அதன்மேல் டேப் ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் வாயால் சொல். பிறகு வேலை செய்யும் இடத்தில் டெஸ்டர் வை. அதற்கு முன்னால் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று எரிகிற பிளக்கில் ஒரு தடவை வைத்துப் பார். இன்வெர்ட்டர் இருக்கிற வீடு என்றால் அதையும் அணை. மெயினை இறக்கிய பிறகும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருப்பதை மறந்து அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நூல் பிடித்துக் குறி போடு. ஜிப்சம் சீலிங்கில் சேனல்கள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடும். ஒரு காந்தத்தைப் போர்டின்மேல் மெல்ல இழுத்தால் திருகுகள் இருக்கும் வரிசையில் பிடிக்கும், அந்த வரிசைதான் சேனல். அப்புறமும் நம்பாதே. குறியின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை போட்டு, எல் வடிவில் மடக்கிய கம்பியை உள்ளே விட்டுச் சுற்று. கட் அவுட்டில் பாதியளவுக்கு முனையை மடக்கினால் போதும். எதிலும் இடிக்காமல் ஒரு சுற்று வந்தால் வட்டமாக அறுக்கும் ஹோல் சாவை வை. இடித்தால் விளக்கை இரண்டு அங்குலம் தள்ளு, சின்னத் துளையைப் பட்டி வைத்து அடைத்துவிடலாம். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் அன்றைக்கு உனக்குத் திட்டு விழுந்திருக்காது. கண்ணாடி போட்டுக்கொள். பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு டிரில்லில் கோத்துக்கொண்டால் தூள் முழுக்க அதற்குள் விழும், வீட்டம்மாவுக்கு உன்மேல் மரியாதை வரும்.

வயரைப் போர்டின்மேல் அப்படியே கிடத்தாதே, பைப்புக்குள் கொண்டுபோ. ஒவ்வொரு துளையிலும் ஒரு அடி வயர் கூடுதலாகத் தொங்கட்டும். நாளைக்கு விளக்கைக் கழற்றுகிறவன் கீழே இறக்கி வைத்து வேலை செய்ய அது வேண்டும். மூட்டுகளைக் கனெக்டரில் திருகு. முறுக்கி டேப் சுற்றுவதை இன்றோடு விட்டுவிடு. உலோக உடம்புள்ள விளக்கில் எர்த் குறி இருந்தால் எர்த் கட்டாயம். டிரைவரை விளக்கின் முதுகில் படுக்க வைக்காமல் பக்கத்தில் தள்ளி வை.

மாட்டும் முன், வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கர், டிரைவர் எதுவும் சேர்க்காமல் வெறும் வயரில். டிரைவரோடு வைத்தால் அதன் உள்ளே இருக்கும் சில்லுகள் போகும். பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் பார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கேயோ வயர் உரிந்திருக்கிறது. புது வயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு இரண்டு மணி நேரம் விளக்கை எரியவிடு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து அணைத்து, ஒன்றைக் கழற்றிக் கனெக்டரைத் தொட்டுப் பார். கனெக்டர் சூடாக இருந்தால் திருகு தளர்வு. கடைசியாக ஒரு தாளில் சீலிங்கின் படம் வரைந்து, விளக்குகள் இருக்கும் இடம், வயர் போகும் வழி, எந்த சுவிட்சில் எது, கட் அவுட் அளவு, டிரைவரின் மில்லி ஆம்பியர், தேதி எல்லாம் எழுதி மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடு. பென்சிலில் எழுதாதே, கைபட்டால் அழிந்துவிடும்.